பிள்ளைப் பருவமும் வீடியோ விளையாட்டும்

விளையாட்டு என்பது வீண் பொழுதுபோக்கு என்று நம் முன்னோர் கருதியதாகத் தெரியவில்லை. உவகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கும் தொல்காப்பியம், பொருள் வளத்தையும் அறிவையும் எண்ணிய அதே நிரலில் விளையாட்டையும் வைத்து எண்ணுகின்றது. ஆதலின், குழந்தையின் விளையாட்டைப் பற்றிய வினா ஒன்றைத் தமிழ்த்துறை மலரில் எழுப்புவது பொருந்தாச் செயலாகாது என நம்புகின்றோம். இன்று இல்லந்தோறும் எழும் வினாவே அது. நான்கு அல்லது ஐந்து வயதுக் குழந்தை, அண்ணன் கையிலுள்ள கைபேசியைச் சுட்டி, 'எனக்கும் கேம் வேண்டும்' என்று கேட்கின்றது. கொடுப்பதா, மறுப்பதா? கொடுப்பதாயின் எந்த வயதில், எந்த ஆட்டத்தை?

இவ்வினாவிற்கு நம்மிடையே இரண்டு விடைகள் முன்னரே ஆயத்தமாக உள்ளன. 'அந்தச் சனியனைக் கண்ணிலேயே காட்டாதே' என்பது பெரியோர் சிலரின் விடை. 'காலத்தோடு போகவேண்டாமா?' என்பது இளம் பெற்றோர் பலரின் விடை. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று நேர்மாறானவை போலத் தோன்றினும், ஒரு வகையில் இரண்டும் ஒன்றே. இரண்டுமே எதிரில் நிற்கும் குழந்தையைப் பார்ப்பதில்லை. முன்னது கருவியைப் பார்க்கின்றது. பின்னது காலத்தைப் பார்க்கின்றது. குழந்தையைப் பார்த்து முடிவு செய்யும் முறை ஒன்று உண்டா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுவது.

அத்தகைய முறையை நம் இலக்கியத்திலேயே காண்கின்றோம். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கின்றது என்பதை முதலாண்டு மாணவரும் அறிவர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற் குழந்தைக்கும் பொது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாற் பிள்ளைத்தமிழில் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல் என்பனவும் தொடரும். நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய முசுலிம் புலவர்களும் இம்மரபைப் போற்றியே பாடினர். இன்ன பருவத்திற்கு இத்தனையாம் மாதம் எனப் பாட்டியல் நூல்கள் கணக்கிட்டுக் கூறினாலும், நூலுக்கு நூல் அக்கணக்குச் சற்று வேறுபடும். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்க்கு இவ்வேறுபாடு தொல்லை தருவது உண்மையே. ஆயினும் அவ்வேறுபாட்டிற்குப் பொருள் உண்டு. மாதம் என்பது ஏறத்தாழச் சொன்ன அளவு. உடலிலும் உள்ளத்திலும் தோன்றும் குறியே உண்மையான அளவு. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் வலிமை வந்த பின்னரே செங்கீரை. இரு கைகளும் ஒன்றையொன்று தேடிச் சேரும் இசைவு வந்த பின்னரே சப்பாணி. கால் வந்த பின்னரே சிறுதேர். மாதம் பிறந்துவிட்டது என்பதற்காகத் தலை நில்லாத குழந்தையை எந்தத் தாயும் செங்கீரை ஆட்டியதில்லை.

இந்த எளிய அறிவைத்தான் கைபேசியின் முன் நாம் மறந்துவிடுகின்றோம். 'இரண்டு வயதுதான் ஆகிறது. தானே திறந்து, தானே தேடி எடுத்துவிடுகிறான்' என்று பெருமிதத்தோடு கூறும் தந்தையரை எல்லாத் திருமண வீட்டிலும் காணலாம். அப்பெருமையில் குழந்தைக்குரிய பங்கு மிகச் சிறிது. எழுத்தறியாதவரும் இயக்கும் வண்ணம் அக்கருவியைச் சமைத்த பொறியாளர்க்கே பெரும்பங்கு உரியது. தொண்ணூறுகளில் கணிப்பொறியில் ஓர் ஆட்டத்தைத் திறக்க ஆங்கில எழுத்துகளைத் தட்டவேண்டும். அந்தத் தடையே ஒரு வாயிற்காப்போனாக நின்றது. இன்று அக்காப்போன் இல்லை. விரல் ஒன்று போதும். ஆகவே, விரலின் திறமையைக் கொண்டு குழந்தை ஆயத்தமாகிவிட்டது எனக் கொள்வது, மிட்டாய்ப் பொதியைப் பிரிக்கத் தெரிந்தமையால் பற்கள் முளைத்துவிட்டன என்று கொள்வதனை ஒக்கும்.

வயது குறித்து அச்சிட்ட முத்திரைகள் இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. 1993-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க செனட் அவையில் மார்ட்டல் கோம்பாட் முதலிய வன்முறை ஆட்டங்களைப் பற்றி விசாரணை நடந்தது. அதன் விளைவாக 1994-இல் அந்நாட்டு விளையாட்டுத் தொழிலினர் தமக்கென ஒரு தரமதிப்பீட்டு அமைப்பை நிறுவினர். ஐரோப்பாவில் 2003-இல் 3, 7, 12, 16, 18 என்னும் வயது எண்கள் வழக்கிற்கு வந்தன. நம் கைபேசிகளின் செயலிக் கடையிலும் இவ்வெண்களே '3+', '7+' என இடம்பெறுகின்றன. பெற்றோர் பலர் '3+' என்பதனை, மூன்று வயதுக் குழந்தைக்கு உகந்தது என்று பொருள் கொள்கின்றனர். அது பிழை. அஞ்சத்தக்க காட்சியோ தகாத சொல்லோ அதில் இல்லை என்பதே அதன் பொருள். சதுரங்கத்திற்கும் அதே முத்திரைதான் கிடைக்கும். மூன்று வயதில் சதுரங்கம் ஆடுதல் இயலும் என எவரும் கருதார். முத்திரை ஆட்டத்தின் உள்ளடக்கத்தை அளக்கின்றது. குழந்தையின் உள்ளத்தை அளப்பதில்லை.

மருத்துவர் கூறும் அளவு இதனினும் மதிக்கத்தக்கது. உலக நல்வாழ்வு நிறுவனம் 2019 ஏப்பிரலில் வெளியிட்ட வழிகாட்டு நெறி, ஒரு வயது வரையிலும் அதனை அடுத்த ஆண்டிலும் திரை வேண்டுவதில்லை என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகலாகாது, குறையின் இன்னும் நன்று என்றும் கூறுகின்றது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் கழகம் வெளியிட்ட நெறியும் ஏறத்தாழ இதுவே: இரண்டு வயது வரை எத்திரையும் கூடாது, ஐந்து வயது வரை பெரியோர் மேற்பார்வையில் ஒரு மணி நேரத்திற்குள், ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக. இவை மேல்வரம்புகள் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். குடும்ப அட்டைக்கு அளந்து தரும் அரிசியைப் போல, நாள்தோறும் வாங்கியே தீரவேண்டிய பங்கு என்று இதனைக் கருதும் வீடுகளும் உள்ளன! மேலும், இந்த ஒரு மணி நேரத்துள் கார்ட்டூன், பாட்டு, உறவினர் அனுப்பிய காணொளி எல்லாம் அடங்கும். விளையாட்டிற்கெனத் தனியாக ஒதுக்கியது அன்று.

ஆயினும் கடிகாரம் மட்டும் போதாது. இருபது நிமிடம் ஆடி எழுந்து செல்லும் குழந்தையும் உண்டு. இருபதாவது நிமிடத்தில் கைபேசியை வாங்கியதும் தரையில் விழுந்து புரண்டு, இரவு உணவையே மறுக்கும் குழந்தையும் உண்டு. இருவர்க்கும் வயது ஒன்றாக இருக்கலாம், பருவம் ஒன்றன்று. எனவே ஆடத் தெரிகிறதா என்பதனை விட்டு, நிறுத்தத் தெரிகிறதா என்பதனையே முதற்குறியாகக் கொள்ளல் வேண்டும் என்பது நம் துணிபு. இதனை அறியக் கைபேசியைக் கொடுத்துச் சோதிக்க வேண்டுவதில்லை. பூங்காவின் ஊஞ்சலிலிருந்து 'போதும், இறங்கு' என்றதும் அக்குழந்தை என்ன செய்கின்றது? குளியலறை வாளித் தண்ணீரிலிருந்து எழுப்பினால் என்ன செய்கின்றது? சிணுங்கலாம், சிணுங்குவது குழந்தைக்கு இயல்பு. சிணுங்கிவிட்டு அடுத்த செயலுக்குத் திரும்புகின்றதா என்பதே காணவேண்டுவது. ஊஞ்சலிலிருந்து இறங்கத் தெரியாத பிள்ளை, கைபேசியிலிருந்து ஒருபோதும் இறங்காது.

ஏனெனில், ஊஞ்சல் இறக்கிவிடுவதைத் தடுப்பதில்லை; கைபேசி ஆட்டம் தடுக்கின்றது. இவ்விடத்தில் சற்று நின்று நோக்குதல் நலம். நாம் சிறுவராக ஆடிய ஆட்டங்கள் யாவற்றிற்கும் ஒரு முடிவு இருந்தது. கோலி தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. பல்லாங்குழியில் ஒருவர் குழிகள் வெறுமையானால் ஆட்டம் தீர்ந்தது. கண்ணாமூச்சி பொழுது சாய்ந்ததும், மக்ரிபுக்குப் பாங்கொலி கேட்டதும் தானே கலைந்தது. தொடக்கக் கால வீடியோ கேம்களும் இவ்வியல்பினவே. தொண்ணூறுகளில் நகரத்துக் கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிகள் இருந்தன. காசு தீர்ந்தால் வெளியேற வேண்டியதுதான். 1889-இல் சீட்டுக்கட்டுச் செய்யும் நிறுவனமாகத் தொடங்கிய ஜப்பானின் நின்டெண்டோ 1985-இல் வெளியிட்ட சூப்பர் மேரியோ ஆட்டத்தில் ஒவ்வொரு கட்டத்திற்கும் நேர வரம்பு உண்டு. பெரும்பாலான கட்டங்களின் இறுதியில் கொடிக்கம்பம் ஒன்று நிற்கும். கொடியைத் தொட்டதும் ஒரு மூச்சு விடலாம்; தாய் அழைத்தால் எழலாம்.

இன்றைய கைபேசி ஆட்டங்கள் பலவற்றில் கொடிக்கம்பமே இல்லை. எடுத்துக்காட்டாக, 2012-இல் வெளிவந்த கேண்டி க்ரஷ் என்னும் ஆட்டத்தை நோக்குவோம். கட்டங்கள் ஆயிரக்கணக்கில் நீள்கின்றன. ஐந்து உயிர்கள் தரப்படுகின்றன. அவை தீர்ந்தால் அரை மணிக்கு ஒன்றாகப் புதிய உயிர் பிறக்கின்றது. காத்திருக்க மனமில்லையெனில் பணம் கொடுத்து வாங்கலாம். அந்த அரை மணி நேரமும் குழந்தை ஆடவில்லை என்று தாய் நினைக்கின்றாள். உண்மையில் அது காத்துக்கொண்டிருக்கின்றது. நாள் தவறாமல் வந்தால் நாட்பரிசு, வாராவிடில் 'உன்னைக் காணவில்லையே' என்னும் அழைப்பு. இவையெல்லாம் நடுவயதினரையே கட்டிப்போட வல்லவை. (மருத்துவமனை வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் கைகளை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.) எழுபது வயதினர் எழ முடியாத இடத்திலிருந்து நான்கு வயதுக் குழந்தை எழவேண்டும் என்று எதிர்பார்ப்பது நேர்மையன்று. ஆதலின், சிறு குழந்தைக்குத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் முடிவுள்ள ஆட்டமாக இருத்தல் வேண்டும். ஒரு படத்தைக் கூட்டி முடித்தால் முடிந்தது, ஒரு கதையின் இறுதியை அடைந்தால் முடிந்தது என அமைந்தவை இன்றும் உள்ளன. பணம் கேளாத, விளம்பரம் இல்லாத ஆட்டங்களும் உள்ளன. அவற்றைத் தேட அரை மணி நேரம் செலவாகும். அதனைத் தேடவேண்டியவர் குழந்தை அல்லர்.

அடுத்து, தோல்வியைத் தாங்குதல். சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் பியாஜே, 1932-இல் வெளியிட்ட தம் நூலில், கோலி ஆடும் சிறுவர்களை உற்றுநோக்கிக் கண்டவற்றை விரித்துரைக்கின்றார். மிகச் சிறு குழந்தை கோலியை உருட்டி மகிழ்கின்றது. அதற்கு விதி இல்லை. சற்று வளர்ந்தது, பெரியவரைப் பார்த்து ஆடுவதாக எண்ணிக்கொண்டு தன் போக்கில் ஆடுகின்றது. அங்கே எல்லோரும் வென்றவரே! ஏழெட்டு வயதில்தான் எல்லார்க்கும் ஒரே விதி என்பதற்கு இசைந்து ஆடத் தொடங்குகின்றனர். நம் தெருவில் கோலி ஆடும் பிள்ளைகளைப் பார்த்தவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. ஆனால் இதன் பொருள் என்ன? விதி இன்னதென விளங்காத வயதில், வெற்றி தோல்வியை ஒலியோடும் ஒளியோடும் நொடிதோறும் அறிவிக்கும் ஆட்டத்தில் குழந்தையை இறக்குகின்றோம் என்பதே. பல்லாங்குழியில் தோற்றதும் சோழிகளை வாரி இறைக்கும் பிள்ளைக்கு இன்னும் ஓராண்டு கழியட்டும். சோழியைப் பொறுக்கி எடுத்துவிடலாம். வீசி எறிந்த கைபேசியைப் பொறுக்குவது செலவு மிக்க வேலை.

மூன்றாவதாக, பொய்யையும் மெய்யையும் பிரித்தறிதல். பூதம், அரக்கன், பறக்கும் குதிரை முதலிய பொய்களைப் பற்றி நாம் கவலைப்படவில்லை; கதை கேட்டு வளர்ந்த பிள்ளை அவற்றை எளிதில் கடந்துவிடும். நாம் கூறுவது விற்பனைப் பொய். எட்டு வயதிற்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், ஒரு விளம்பரம் தம்மை இசைவித்து விற்கும் நோக்குடையது என்பதை உணர்ந்துகொள்ளும் திறனற்றவர்கள் என அமெரிக்க உளவியல் கழகம் அமைத்த குழு 2004-இல் தெரிவித்தது. தொலைக்காட்சி விளம்பரம் நிகழ்ச்சிக்கு இடையில் வந்தது. இன்றைய விளம்பரமோ ஆட்டத்தினுள்ளேயே, பரிசுப் பெட்டியின் உருவில் வருகின்றது. உள்ளே என்ன இருக்கின்றதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி வேறு. பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018-இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. நம் நாட்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. தமிழ்நாடு அதற்கு முன்னரே, 2022-இல், தனக்கெனச் சட்டம் இயற்றியது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும், சட்டத்தின் கண் பந்தயப் பணத்தைத் தேடுகின்றது. கார்ட்டூன் கரடி ஒன்று சிரித்துக்கொண்டே நீட்டும் பரிசுப் பெட்டியைக் கவனிக்க வேண்டிய கண் வீட்டிலேதான் இருக்கவேண்டும். சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் பாடம் கேட்கும் பிள்ளைகள், சூது விலக்கப்பட்டது எனச் சிறு வயது முதல் மார்க்கக் கல்வியிலும் கேட்டு வளரும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். அவர்களுக்கு அப்பெட்டி இன்னதென எடுத்துரைப்பதில் இடர்ப்பாடு ஒன்றுமில்லை. ஆனால் அதனை விளங்கிக்கொள்ளும் வயது வரவேண்டும். அது வரும்வரை, பணம் செலுத்தும் வழி திறந்திருக்கும் கைபேசியைக் குழந்தை கையில் கொடுப்பது, கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் கடையைக் குழந்தையிடம் ஒப்படைப்பதற்கு நிகர்.

இதற்கு மாறாக, வீடியோ கேம் அறிவை வளர்க்கும் என ஆய்வுகளே கூறுகின்றனவே என்பர் சிலர். கூறுவது உண்மைதான். 2003-இல் 'நேச்சர்' ஆய்விதழில் க்ரீன், பேவிலியர் என்னும் இருவர் வெளியிட்ட கட்டுரை புகழ் பெற்றது. விரைவு மிக்க ஆட்டங்களை ஆடுவோர்க்குப் பார்வையின் கவனத் திறன் கூடுகின்றது என அது காட்டியது. ஆனால் அவ்வாய்விற்கு உட்பட்டவர்கள் பதினெட்டு வயதைக் கடந்த இளைஞர்கள். 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கவனக் குறைபாடுள்ள சிறுவர்க்கு மருத்துவர் சீட்டின் பேரில் தரத்தக்கதாக ஒரு வீடியோ கேமிற்கே ஒப்புதல் அளித்தது. விளையாட்டே மருந்தான விந்தை அது. அதற்கும் எட்டு முதல் பன்னிரண்டு வயது என்று வரம்பு கட்டினர். இளைஞர்க்குக் கண்ட நன்மையை எடுத்து மழலைக்கு எழுதி வைப்பது ஆய்வு முறை ஆகாது. மாறாக, வெளிச்சத்தில், திறந்தவெளியில் ஓடியாடும் நேரம் குழந்தைக்குக் கிட்டப்பார்வை வராமல் காக்கின்றது என்பது நன்கு நிறுவப்பட்டது. தைவான் நாடு 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே அனுப்ப முயன்றது இதனாலேயே. ஆட்டம் எடுத்துக்கொள்ளும் நேரம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் எண்ணவேண்டும். பெரும்பாலும் அது தெருவிலிருந்தே வருகின்றது.

அவ்வாறாயின் ஏழெட்டு வயது வரை முற்றும் விலக்கி வைப்பதா? அண்ணனும் அக்காவும் ஆடும் வீட்டில் அது நடவாது. நடக்க வேண்டியதும் இல்லை. இங்கும் நம் பிள்ளைகளின் மரபு ஒன்று கைகொடுக்கின்றது. தெரு விளையாட்டில், விதி அறியாத மிகச் சிறு பிள்ளை ஒன்று 'நானும்' என்று அடம் பிடித்தால், பெரிய பிள்ளைகள் என்ன செய்தனர்? விரட்டவில்லை, சமமாகவும் சேர்க்கவில்லை. 'ஒப்புக்குச் சப்பாணி' ஆக்கினர். (பேச்சில் இது 'உப்புக்குச் சப்பாணி' எனத் திரிந்து வழங்கும்.) அப்பிள்ளை ஓடலாம், ஒளியலாம், கூவலாம், ஆனால் பிடிபட்டாலும் அது ஆட்டம் இழப்பதில்லை, அதனால் எவர்க்கும் வெற்றியும் இல்லை. கூட்டத்தில் இருக்கின்றது, கணக்கில் இல்லை. விதிகளைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கின்றது. பின்னர் ஒருநாள், எவரும் அறிவிக்காமலேயே, அது கணக்கிலும் சேர்ந்துவிடுகின்றது. இதனினும் சிறந்த பயிற்சி முறையைக் கல்வியியல் நூல்களில் நாம் கண்டதில்லை.

ஐந்து வயதுக் குழந்தையை வீடியோ விளையாட்டிற்குள் அழைத்துச் செல்வதாயின், இவ்வாறே ஒப்புக்குச் சப்பாணியாக அழைத்துச் செல்லலாம். பெரியவர் ஒருவர் ஆட, குழந்தை மடியிலோ அருகிலோ இருந்து, 'இப்போது இடப்பக்கம் போகலாமா?' எனச் சொல்லட்டும். பத்து நிமிடத்தில் பெரியவரே நிறுத்தி, 'போதும், சாப்பிடப் போகலாம்' என எழட்டும். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழும் ஒருவரைக் கண்ணால் காண்பதே குழந்தை பெறும் முதற்பாடம். கைபேசி கூடத்தில் இருக்கட்டும். படுக்கையறைக்கும் உணவுத் தட்டிற்கும் அது வரவேண்டா. சிலகாலம் சென்றபின், ஆடியதை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். 'என்ன நடந்தது? ஏன் அவன் விழுந்தான்?' என்றால் கதையாகச் சொல்லும் பிள்ளை ஆட்டத்தை ஆள்கின்றது. 'தெரியாது' என்று மீண்டும் திரைக்கே கண்ணை ஓட்டும் பிள்ளையை ஆட்டம் ஆள்கின்றது. மொழி ஆசிரியராகிய நாம் இக்குறியைச் சற்று மிகையாகப் போற்றுகின்றோம் எனினும், பெற்றோர் செய்து பார்க்கலாம்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். வீட்டில் இளையோர்க்கு இவ்வாட்டங்களை அறிமுகம் செய்பவர்கள் பெரும்பாலும் நீங்களே. 2020 செப்டம்பரில் நடுவண் அரசு பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தபோது, கல்லூரி மாணவரினும் மிகுதியாக அழுதவர்கள் அவர்தம் தம்பியர் எனக் கேள்வியுற்றோம். நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, துப்பாக்கியால் மோதி, ஒருவர் மட்டும் எஞ்சும் ஆட்டத்தை ஆடலாமா என்பது உங்கள் அகவை அறியும். எட்டு வயதுத் தம்பியை ஆளெண்ணிக்கைக்குச் சேர்க்கலாமா என்பது வேறு வினா. அவனை ஒப்புக்குச் சப்பாணியாகவும் சேர்க்கத்தகாத ஆட்டம் அது. தங்கையர் செய்தியும் ஒன்றுண்டு. பையனுக்குக் கைபேசியும், அவனினும் மூத்த பெண்ணுக்குப் பாத்திரமும் கொடுக்கும் வீட்டில், பருவம் பார்த்தா முடிவு செய்தனர்?

பெரியோர்க்கும் ஒன்று கூறல் வேண்டும். ஆடுகின்ற பிள்ளைகளை எல்லாம் 'அடிமையாகிவிட்டான்' எனச் சுட்டுதல் வேண்டா. உலக நல்வாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றது. 2022 சனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. கட்டுப்பாடு இழத்தல், பிற கடமைகள் யாவற்றினும் ஆட்டத்தையே முன்வைத்தல், கேடு கண்டும் விடாமை ஆகிய மூன்றும், பொதுவாகப் பன்னிரண்டு திங்கள் நீடித்தாலன்றி அப்பெயர் பொருந்தாது. அந்நிலையினர்க்கு மருத்துவம் உண்டு. பெங்களூரு நிம்கான்ஸ் நிறுவனம் 2014 முதல் இதற்கெனத் தனி மருத்துவப் பிரிவு நடத்தி வருகின்றது. விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஆடிய பிள்ளைக்கு அப்பெயரைச் சூட்டினால், உண்மையில் நோயுற்ற பிள்ளையைக் காணும் கண் நமக்கு மங்கிவிடும். முற்றும் தடுக்கும் ஆணைகளின் நிலையையும் உலகம் கண்டுள்ளது. பதினாறு வயதிற்குட்பட்டோர் நள்ளிரவுக்குப் பின் ஆடலாகாது எனத் தென்கொரியா 2011-இல் கொண்டுவந்த சட்டத்தைப் பத்தாண்டுகளுக்குப் பின் அந்நாடே விலக்கிக்கொண்டது. சீனா 2021-இல் வெள்ளி, சனி, ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே சிறுவர் ஆடலாம் என ஆணையிட்டது. அரசு கடிகாரத்தைப் பூட்டலாம். குழந்தையின் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய அரசால் இயலாது.

இனி, நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல். வளைகுடா நாடுகளில் பொருளீட்டும் தந்தையர் மிக்க ஊர்களில், கைபேசியை ஒளித்து வைத்தல் இயலாது. குழந்தைக்கு அத்தா இருப்பதே அதனுள்தான். வெள்ளிக்கிழமை பிற்பகல் அழைப்பில் தந்தை முகத்தைக் கண்டு, அழைப்பு முடிந்ததும் அதே திரையில் விளையாட்டைத் தேடும் குழந்தையைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. தனியே வீட்டையும் வெளிவேலையையும் சுமக்கும் தாய், உணவூட்ட ஐந்து நிமிடம் கைபேசியைக் காட்டுவதையும் கடுஞ்சொல்லால் இகழ மாட்டோம். அந்நாளில் நிலவைக் காட்டி ஊட்டினர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அம்புலிப் பருவத்தில் புலவர்கள் இன்சொல், வேறுபாடு, கொடை, ஒறுத்தல் என்னும் நான்கு வழியாலும் நிலவை விளையாட அழைப்பர். எத்துணை அழைத்தும் நிலவு இறங்கி வந்ததில்லை. கேட்டது வாராது என்பதையும், வாராததைப் பார்த்துக்கொண்டே உண்ணலாம் என்பதையும் குழந்தை அங்கே கற்றது. கைபேசி அழைத்தவுடன் வந்துவிடுகின்றது. வாராமையை இனி வீட்டார்தாம் கற்பிக்க வேண்டும்.

விடுப்பில் வரும் தந்தையர், பிரிவின் ஏக்கத்தால், பெட்டியில் முதற்பொருளாக டேப்லெட் ஒன்றைக் கொண்டுவருவதைக் காண்கின்றோம். அன்பின் அடையாளமாகிய அதனை வேண்டாமென்பது கொடுமை. நாம் வேண்டுவது ஒன்றே. அதனைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு நண்பர்களைக் காணப் புறப்பட வேண்டா. விடுப்பு முப்பது நாள் எனில், அம்முப்பது நாளும் தந்தையே அருகில் அமர்ந்து, குழந்தையோடு ஆடி, அவரே நிறுத்தி எழட்டும். குழந்தை எவ்விடத்தில் சிரிக்கின்றது, எவ்விடத்தில் சினக்கின்றது, 'போதும்' என்றதும் எத்தனை நேரம் சிணுங்குகின்றது என்பதைக் கண்டு தாயிடம் கூறட்டும். அவர் மீண்டும் விமானம் ஏறும் நாளில், அக்கருவி வீட்டில் இருக்கலாமா, அன்றி அடுத்த விடுப்பு வரை அவர் பெட்டியிலேயே திரும்பிச் செல்ல வேண்டுமா என்பதை இருவரும் அறிந்திருப்பர்.